தாத்தா வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாமா? இன்ஜினியர் 5 அடி என்கிறார், தலையாரி 200 மீட்டர் என்கிறார்

ஷார்ஜா_ராம்நாடு:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏர்வாடிக்கும் பெரியபட்டினத்துக்கும் நடுவில் தென்கடல் ஓரமாக எங்கள் ஊர். அம்மா பேரில் 12 சென்ட் பட்டா நிலம், அதில் தாத்தா கட்டிய ஓட்டு வீடு. நான் இங்கே வந்த பிறகு அம்மா மட்டும் அதில் இருந்தார், இரண்டு வருடமாக ராமநாதபுரத்தில் தங்கை வீட்டில் இருக்கிறார். வீடு இப்போது ஆள் இருக்கும் நிலையில் இல்லை. ஓடு சரிந்து, பின்சுவர் உப்புக்காற்றில் பொரிந்து, செங்கல் பல்லிளிக்கிறது. அதை இடித்துவிட்டு மாடியோடு ஒரு வீடு கட்டலாம் என்று இருக்கிறேன். மேல் மாடியை ராமேஸ்வரம் வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடலாம் என்பது தம்பியின் கணக்கு.

மனை ஒல்லியாக நீளமானது. அகலம் 28 அடிதான். வடக்கே ரோடு, 20 அடி அகலம். தெற்கே மணல், அப்புறம் கடல். கூகுள் மேப்பில் தண்ணீர் விளிம்பிலிருந்து அளந்து பார்த்தேன். தெற்கு வேலி 170 மீட்டர், ரோட்டோர வேலி 226 மீட்டர் வருகிறது. தாத்தாவின் வீடு தெற்குப் பாதியில், வள்ளம் கரைக்கு வருவது திண்ணையிலிருந்தே தெரிய வேண்டும் என்று அங்கே கட்டினாராம்.

இன்ஜினியர் சொல்வது: "ரோட்டுப் பக்கம் 5 அடி விடுங்கள், பக்கவாட்டில் கொஞ்சம் விடுங்கள், பிளான் பாஸ் ஆகிவிடும்." தலையாரி அம்மாவிடம் சொன்னது: "அது 200 மீட்டருக்குள்ள வருதும்மா, அங்க ஒரு செங்கல் வைக்க முடியாது." இரண்டு பேருமே நிச்சயமாகச் சொல்கிறார்கள். வரும் வியாழக்கிழமை பழைய வீட்டை இடிக்க ஜே.சி.பி.க்குச் சொல்லியாகிவிட்டது. யார் சொல்வது சரி?

உச்சிப்புளி_மேஸ்திரி:

தம்பி, வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு ரொம்ப யோசிக்கிறீர்கள். 22 வருடமாக இந்தக் கரையில் வீடு கட்டுகிறேன், ஒருத்தரும் வந்து டேப் பிடித்ததில்லை. ஊராட்சியில் பணம் கட்டி ரசீது வாங்குங்கள், மளமளவென்று தளம் போட்டு முடியுங்கள், குடி வந்துவிட்டால் யாரும் கை வைக்க மாட்டார்கள். 200 மீட்டர் எல்லாம் ரிசார்ட்காரனுக்கு. இப்போது அதுவும் 50 ஆகிவிட்டதாகக் கேள்வி.

கீழக்கரை_டிராப்ட்ஸ்மேன்:

முதலில் அந்த ஜே.சி.பி.யை நிறுத்துங்கள் தம்பி. போன் போட்டுவிட்டு வந்து மீதியைப் படியுங்கள், இது விளையாட்டுக்குச் சொல்வதில்லை.

இன்ஜினியரும் சரி, தலையாரியும் சரி. அவர்கள் பேசுவது வேறு வேறு சட்டம். 5 அடி என்பது தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இல் வருவது. ரோடு 10 மீட்டர் அகலத்துக்குள் இருந்தால் முன்பக்கம் 1.5 மீட்டர், அதுதான் அவருடைய 5 அடி. ரோடு அகலமானால் இது 3 மீட்டர் என்று ஏறிக்கொண்டே போகும். பக்கவாட்டுக்கும் பின்பக்கத்துக்கும் மனையின் அகலம், கட்டடத்தின் உயரம் பார்த்துக் கணக்கு. இதெல்லாம் மாநில அரசின் விதி, ரோட்டிலிருந்தும் பக்கத்து வேலியிலிருந்தும் அளப்பது.

தலையாரி சொன்னது சி.ஆர்.இசட்., அதாவது கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை. 1986-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு போட்டது. முதலில் 1991 பிப்ரவரி, அப்புறம் 2011 ஜனவரி, கடைசியாக 2019 ஜனவரி. இது கடலிலிருந்து அளப்பது. இதில் உள்ளதை ஊராட்சியோ நகராட்சியோ தளர்த்த முடியாது. பிளான் பாஸ் ஆகிவிட்டது என்பதால் இதிலிருந்து தப்பித்ததாகவும் ஆகாது, இன்ஜினியர்கள் பாதிப் பேர் வழுக்கி விழுவது இந்த இடத்தில்தான். என்னிடம் வருகிற பிளானில் ரோடு, கிணறு, பக்கத்து வீட்டு மாட்டுக் கொட்டகை வரைக்கும் வரைந்திருப்பார்கள், கடல் எந்தப் பக்கம் என்று ஒரு அம்புக்குறிகூட இருக்காது.

உங்கள் ஊர் மாதிரியான கிராமப்புறக் கரை, கடற்கரையை வகை பிரித்துக் காட்டும் கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் மூன்றாம் வகையில் வரும். அதில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வளர்ச்சித் தடை மண்டலம், புதிதாக வீடு கட்டக் கூடாது. 200-லிருந்து 500 வரை ஏற்கெனவே உள்ள மீனவ ஊர்களில் ஊர்க்காரர்கள் குடியிருக்க வீடு கட்டலாம், தரைத்தளமும் ஒரு மாடியும் மட்டும், உயரம் 9 மீட்டருக்குள்.

மேஸ்திரி அண்ணன் சொன்ன 50 மீட்டர் எங்கிருந்து வந்தது என்றால், 2019 அறிவிக்கை மூன்றாம் வகையை இரண்டாகப் பிரித்தது. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் நெருக்கமாக உள்ள பகுதி 3ஏ, அங்கேதான் 50. மற்றதெல்லாம் 3பி, பழைய 200 அப்படியே நிற்கிறது. நம் மாவட்டத்தின் சராசரி நானூறைக்கூடத் தொடாது. அந்த 50-உம் புதிய அறிவிக்கைப்படி வரைந்த கடலோர மேலாண்மைத் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்த பிறகுதான் செல்லும், அதுவரை 200தான் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. புரோக்கர்கள் இந்த வரியை மட்டும் படிக்க மாட்டார்கள்.

இப்போது உங்கள் அளவு. நீங்கள் அளந்தது தண்ணீர் விளிம்பிலிருந்து. சட்டம் அளப்பது அமாவாசை, பௌர்ணமி ஏற்றத்தில் தண்ணீர் உச்சமாக ஏறித் தொடும் கோட்டிலிருந்து. அந்தக் கோடு நீங்கள் வைத்த புள்ளியைவிட உங்கள் வீட்டுப் பக்கம்தான் தள்ளி இருக்கும். கூகுள் படம் எடுத்த நேரம் ஏத்தமா வத்தமா என்று யாருக்குத் தெரியும்? 10 மீட்டர் தள்ளி இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் 226 வெறும் 216 ஆகிவிடும். அப்படியானால் 200-க்கு வெளியே ரோட்டோரமாக 16 மீட்டர் துண்டு மிஞ்சுகிறது, அதில் இன்ஜினியரின் 5 அடியையும் கழியுங்கள். பெரிய மாளிகை வராது, வீடு வரும்.

ஜே.சி.பி. விஷயத்துக்கு வருகிறேன். தாத்தாவின் வீடு முழுக்க 200-க்குள் நிற்கிறது. தடை மண்டலத்துக்குள் புது வீடு கூடாது, ஆனால் ஏற்கெனவே முறையாக இருக்கும் வீட்டைப் பழுது பார்க்கலாம், திரும்பக் கட்டலாம். அதே அடித்தளப் பரப்பு, அதே தளப்பரப்பு, அதற்கு மேல் கூடாது. அந்த ஓட்டு வீடு நிற்கிற வரைக்கும்தான் உங்களிடம் அந்த உரிமை இருக்கிறது. வியாழக்கிழமை அதை மணலாக்கிவிட்டால் வெள்ளிக்கிழமை உங்களிடம் இருப்பது தடை மண்டலத்தில் ஒரு காலி மனை, அங்கே வீடு இருந்தது என்று யாரிடம் போய்ச் சொல்வீர்கள்? அனுமதி கையில் வந்த பிறகு இடிக்கலாம். அதற்கு முன்னால் வீட்டின் நீள அகலம், உயரம் எல்லாம் பதிவு பெற்ற பொறியாளரிடம் அளந்து வரைபடமாக வாங்குங்கள், நாலு பக்கமும் தேதியோடு படம் எடுங்கள். வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு, பழைய பத்திரம் எல்லாவற்றையும் தேடுங்கள். 1991-க்கு முந்தியது ஒன்று கிடைத்தால் ரொம்ப நல்லது. பத்திரத்தின் தபசிலில் "ஓட்டு வீடும் கிணறும் உள்பட" என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், அந்தக் காலத்துப் பத்திர எழுத்தர்கள் தென்னை மரத்தைக்கூட எண்ணி எழுதியிருப்பார்கள், அது இன்றைக்கு உதவும்.

தம்பியின் மாடிக் கணக்கு அந்த இடத்தில் நடக்காது. தாத்தா கட்டாத மாடியை நீங்கள் கட்ட முடியாது.

தொண்டி_டீச்சர்:

டிராப்ட்ஸ்மேன் அண்ணன் சொல்லும் கோட்டுக் கணக்கு எங்கள் வடகடல் பக்கம் இன்னும் மோசம். இங்கே கரை தட்டையானது, தண்ணீர் ஒரு சாண் இறங்கினாலே கடல் ரொம்ப தூரம் உள்ளே போய்விடும், வள்ளமெல்லாம் சேற்றில் உட்கார்ந்திருக்கும், டிவிக்காரர்கள் வந்து "கடல் உள்வாங்கியது" என்று படம் பிடிப்பார்கள். அந்த மாதிரி ஒரு மத்தியானத்தில்தான் எனக்கு மனை காட்டினார்கள். "பாருங்க டீச்சர், கடல் எங்கேயோ இருக்கு" என்றார் புரோக்கர். எனக்கும் அது அப்படித்தான் தெரிந்தது. அட்வான்ஸ் கொடுத்துவிட்டு ஒரு பௌர்ணமி விடிகாலையில் போய்ப் பார்த்தேன், வேலிக்கல்லுக்குக் கிட்டத்தில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது.

அது போதாது என்று மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்பு ஒப்புதலும் கிடையாது. ஊராட்சித் தலைவர் கையெழுத்துப் போட்ட ஒரு தாளைக் காட்டி "அப்ரூவ்ட்" என்றார்கள். அங்கீகாரம் இல்லாத மனைகளை வரன்முறை செய்யும் 2017 திட்டம் 2016 அக்டோபர் 20-க்கு முன்னால் பதிவான மனைகளுக்குத்தான், இது அதற்குப் பிறகு பிரித்தது. அட்வான்ஸில் பாதி திரும்பி வந்தது. மீதியைக் கேட்டு நடந்ததில் இரண்டு ஜோடி செருப்பு தேய்ந்தது.

இன்னொன்று. காரங்காடு, மோர்ப்பண்ணை பக்கம் மனை பார்க்கிறவர்கள் கடலை மட்டும் பார்க்காதீர்கள். அலையாத்திக் காடு 1,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால் அதைச் சுற்றி 50 மீட்டர் அதோடு சேர்த்தி, அங்கே வீட்டுப் பேச்சே கிடையாது. கடல் தண்ணீர் ஏறி இறங்குகிற ஓடை, கழி இருந்தாலும் அதன் கரையிலிருந்து தனியாக ஒரு தூரம் உண்டு. 2011 அறிவிக்கையில் 100 மீட்டர் அல்லது ஓடையின் அகலம், எது குறைவோ அது. 2019-இல் அந்த 100 ஐம்பதாகியிருக்கிறது. கோடையில் காய்ந்து கிடக்கும்போது பார்த்தால் அது ஓடை என்றே தெரியாது, உடைமரம் மூடிக் கிடக்கும்.

உச்சிப்புளி_மேஸ்திரி:

எல்லாம் சரி, எத்தனை வீட்டை இடித்திருக்கிறார்கள், சொல்லுங்கள் பார்ப்போம்? சட்டம் பேசிக்கொண்டே இருந்தால் ஒருத்தனும் வீடு கட்ட முடியாது.

கீழக்கரை_டிராப்ட்ஸ்மேன்:

கொச்சி பக்கம் மரடு என்று ஒரு ஊர் அண்ணே. காயலோரத்தில் நான்கு அடுக்குமாடி வளாகங்கள். ஊராட்சி அனுமதி கொடுத்துத்தான் கட்டினார்கள். அப்போது அது கிராம ஊராட்சி, வரைபடத்தில் மூன்றாம் வகை. பின்னால் நகராட்சி ஆனதும், இது இரண்டாம் வகைப் பகுதி, எங்களுக்கு அந்தத் தடை பொருந்தாது என்று வாதாடிப் பார்த்தார்கள். 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் இடிக்கச் சொன்னது, 2020 ஜனவரி 11, 12 இரண்டு நாளில் வெடி வைத்துத் தரைமட்டம் ஆக்கினார்கள். நாடே டிவியில் பார்த்தது. வாங்கிக் குடி வந்த ஜனம் ரோட்டில் நின்று அழுதது.

ஒற்றை வீட்டைத் தேடி வந்து யாரும் இடிக்க மாட்டார்கள் என்று நீங்கள் சொல்லலாம், பல ஊரில் அப்படித்தான் ஓடுகிறது, நானும் கண்ணால் பார்க்கிறேன். ஆனால் பங்காளிக்குள் ஒரு வேலித் தகராறு வரட்டும். முதல் மனு இதில்தான் போகும். பேங்க் லோனுக்குப் போகும்போதும் பிளானைத்தான் முதலில் கேட்பார்கள்.

நகராட்சி என்றதும் ஞாபகம் வருகிறது. நகராட்சிக்குள் இருந்தாலே 200 கிடையாது என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு. பாதி உண்மை. ஏற்கெனவே நெருக்கமாகக் கட்டப்பட்டு, ரோடு, குடிநீர், சாக்கடை எல்லாம் உள்ள பகுதி என்று வரைபடத்தில் இரண்டாம் வகையாகக் குறித்திருந்தால்தான் அது. அங்கேயும் முன்பிருந்தே உள்ள ரோட்டுக்கோ அனுமதி பெற்ற கட்டடத்துக்கோ நிலத்துப் பக்கமாகத்தான் கட்டலாம், கடல் பக்கமாக வர முடியாது.

கரைவலை_பேரன்:

நானும் இந்தக் கரைதான், மூக்கையூர் பக்கம். ஒரு விஷயத்தில் மேஸ்திரிக்கு இருக்கும் கோபம் எனக்கும் உண்டு. கடலுக்குப் பக்கத்தில் இருந்தால்தான் எங்களுக்குப் பிழைப்பு, வலையை எங்கே காயப்போடுவது, வள்ளத்தை எங்கே இழுத்துப் போடுவது? பாரம்பரியமாகக் கடற்கரையில் வாழும் மீனவர்களுக்கு 100-க்கும் 200-க்கும் நடுவில் வீடு கட்ட வழி இருக்கிறது என்று 2011 அறிவிக்கையில் எழுதினார்கள். ஆனால் மாநில அரசு ஒரு முழுத் திட்டம் போட்டு அதற்கு ஒப்புதல் வாங்கி அதன்படிதான் கட்ட வேண்டும், தனி ஆள் போய் "நான் மீனவன், கட்டிக்கொள்கிறேன்" என்று கேட்க முடியாது. எழுதியதைப் படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. என் சித்தப்பாவுக்கு மூன்று பையன்கள், மூன்று பேருக்கும் கல்யாணம் ஆகிவிட்டது, வீடு அதே ஒரு வீடு.

அதற்காகத் தடையே வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போனதை எங்கள் அப்பத்தா நேற்று நடந்தது போலச் சொல்லும்.

ஷார்ஜா தம்பி, யாரும் சொல்லாத ஒன்று, தண்ணீர். வீடு கட்டினால் போர் போடலாம் என்று நினைத்திருப்பீர்கள். 200 மீட்டருக்குள் நிலத்தடி நீர் எடுப்பது ஊர்க்காரர்கள் குடியிருக்கும் இடத்தில் அவர்கள் தேவைக்கு மட்டும்தான். 200-லிருந்து 500 வரை வேறு தண்ணீர் வழி இல்லாவிட்டால் சாதாரணக் கிணற்றில் கையால் இறைத்துக்கொள்ளலாம். ரூம் வாடகைக்கு விட்டால் ஒருத்தன் குளிக்க எவ்வளவு தண்ணீர் ஆகும் தெரியுமா? மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் ஒரு தகடு மாதிரி மிதக்கிறது, மோட்டார் போட்டு இழுத்தால் முதலில் உங்கள் கிணறு கரிக்கும், அப்புறம் அக்கம்பக்கத்துக் கிணறெல்லாம் கரிக்கும். உங்கள் தாத்தாவின் கிணறு இன்னும் நல்ல தண்ணீராக இருந்தால் அதைக் காப்பாற்றுங்கள்.

ஷார்ஜா_ராம்நாடு:

அண்ணன்மாருக்கும் டீச்சருக்கும் ரொம்ப நன்றி. ஜே.சி.பி.காரருக்கு ராத்திரியே போன் போட்டு நிறுத்திவிட்டேன், அட்வான்ஸ் 2,000 போனது போனதுதான். தம்பியை விட்டு அளக்கச் சொன்னதில் தாத்தா வீடு 640 சதுர அடி. அம்மா பெட்டியைத் துழாவி 1987-இல் கட்டிய வீட்டு வரி ரசீது ஒன்று எடுத்திருக்கிறார், ஓரமெல்லாம் கறையான் தின்றது போக நம்பர் தெரிகிறது.

இன்னும் இரண்டு சந்தேகம். சுயசான்றில் ஒரே நாளில் பிளான் கிடைக்கிறது, 12 சென்டை நானும் தம்பியும் பாதியாகப் பிரித்துக்கொண்டால் அதில் போட்டுவிடலாம் என்று இன்ஜினியர் சொல்கிறார். அப்படிச் செய்யலாமா? அப்புறம், ரோட்டோரத் துண்டில் கட்டினால் மேல் மாடியை வாடகைக்கு விடலாமா?

கீழக்கரை_டிராப்ட்ஸ்மேன்:

1987 ரசீதை முதலில் லேமினேட் பண்ணாதீர்கள், ஸ்கேன் எடுத்துவிட்டு அப்படியே கவரில் போட்டு வையுங்கள்.

சுயசான்றுத் திட்டம் 2024 ஜூலையில் வந்தது. மனை 2,500 சதுர அடிக்குள், கட்டடம் 3,500 சதுர அடிக்குள். உங்கள் 12 சென்ட் 5,227 சதுர அடி, பாதி போட்டால் 2,613. பிரித்தாலும் உங்கள் மனை அதில் நுழையாது, இன்ஜினியர் கால்குலேட்டரை எடுக்காமலே பேசியிருக்கிறார்! நுழைந்தாலும் பிரயோஜனம் இல்லை. அது கட்டட விதிக்கு நீங்களே கொடுக்கும் உறுதிமொழி. மனை 200-க்குள் இருப்பதை மறைத்து உறுதிமொழி கொடுத்தால் நாளைக்கு மாட்டுவது அதில் கையெழுத்துப் போட்ட நீங்கள். அதோடு, எப்படிப் பிரிப்பீர்கள் என்பது வேறு இருக்கிறது. குறுக்கே பிரித்தால் ஒருத்தருக்கு ரோட்டோரத் துண்டு, இன்னொருத்தருக்கு வெறும் தடை மண்டலம். அண்ணன் தம்பிக்குள் அதைவிடப் பெரிய சண்டைக்கு விதை கிடையாது. கோடு எங்கே விழுகிறது என்று தெரியும் வரை பத்திர ஆபீஸ் பக்கமே போகாதீர்கள்.

கோட்டைத் தெரிந்துகொள்ள: எஃப்.எம்.பி. ஸ்கெட்சும் (புல எண்ணுக்கான நில அளவை வரைபடம்) சிட்டாவும் எடுத்துக்கொண்டு, புல எண்ணைக் கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் பொருத்திப் பாருங்கள். எந்த அறிவிக்கையின் வரைபடத்தை இப்போது வைத்து முடிவு செய்கிறார்கள் என்று கலெக்டர் தலைமையில் இருக்கும் மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தில் எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். கோடு உங்கள் மனையை நடுவில் வெட்டிக்கொண்டு போவதால் கண்ணளவில் விட்டுவிட முடியாது. சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத் தொலையுணர்வு நிறுவனம் மாதிரி அங்கீகாரம் உள்ள இடத்தில் இடத்தை அளந்து குறித்துத் தருவார்கள். காசு பிடிக்கும். வீட்டுச் செலவில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சொந்தக் குடியிருப்புக்கு 300 சதுர மீட்டர், அதாவது சுமார் 3,200 சதுர அடி வரை மாநில ஆணையத்துக்குப் போகாமல் உள்ளாட்சியே சி.ஆர்.இசட்.டையும் பார்த்து முடிவு செய்யலாம் என்று 2019 அறிவிக்கையில் இருக்கிறது. உங்கள் துண்டில் எவ்வளவு இழுத்தாலும் அதைத் தாண்டாது, கவலை வேண்டாம். வாடகை விஷயம்: 200-க்கு வெளியே உள்ளூர்க்காரர்கள் இருக்கிற வீட்டில் விருந்தினரைத் தங்க வைக்கலாம், வீட்டின் அடித்தளத்தையோ அமைப்பையோ முகப்பையோ அதற்காக மாற்றாமல். குடும்பம் இருக்கிற வீடாகக் கட்டுங்கள், லாட்ஜாக வரைந்து கொண்டுபோனால் அது வேறு அனுமதி, வேறு கதை.

உச்சிப்புளி_மேஸ்திரி:

தம்பி, 640 சதுர அடி ஓட்டு வீட்டைச் சுவரை வைத்துக்கொண்டே புதுப்பிக்க ஆள் வேண்டுமானால் சொல்லுங்கள். அடியில் கருங்கல் அஸ்திவாரமாக இருந்தால் அது அப்படியே நிற்கும், உப்பு ஏறிய செங்கலை மட்டும் வரிசை வரிசையாக எடுத்து மாற்றலாம். பனங்கை போட்ட கூரையா, தேக்கா?

ஷார்ஜா_ராம்நாடு:

பனங்கைதான் அண்ணே. வைரம் பாய்ந்தது, ஒன்றுகூடப் பழுதில்லை என்று தம்பி சொல்கிறான். ஊருக்கு வருவது அடுத்த மாதம், வந்ததும் கூப்பிடுகிறேன்.